சீல் பிரிக்காத பெட்டி

அத்தியாயம் 6

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் பேருந்து இரண்டு முறை நடுவழியில் நின்றது. முதல் முறை டயர். அடுத்த முறை எதற்கென்று டிரைவருக்கே தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வினோலியாவுக்கு யாரையாவது பிடித்துக் கடித்துவிடலாம் போலிருந்தது. பக்கத்தில் இருந்ததோ உதவியாளன் அழகுராஜா. அவனைக் கடித்துப் பிரயோஜனமில்லை. அதையும் ஒரு வேடிக்கைக் கதையாக்கி ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

“யக்கா, வெள்ளரிப்பிஞ்சு வாங்கவா?”

“வேணாம்.”

“கோவத்துல இருக்கவுகளுக்கு நல்லது. குளிர்ச்சி.”

“ராஜா, செத்த நேரம் வாய மூடிக்கிட்டு வாரியா?”

மூடிக்கொண்டான். ஆனால் தனக்கு மட்டும் வாங்கி, மிளகாய்ப்பொடியில் தொட்டு, அவள் காதில் விழும்படி நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றான்.

இந்த வாரத்தில் திருச்சிக்கு இது மூன்றாவது அலைச்சல். எல்லாம் ஒரு கீபோர்டுக்காக. தாடிக்கொம்பு சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மரியாயிபட்டி மாதா கோயிலின் பாடகர் குழுவுக்கு, சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த கீபோர்டு.

முதலில் அதன் விலையை மட்டும்தான் சொன்னார்கள். மல்லிகைப்பூ பறிக்கிறவர்களும் தக்காளி போடுகிறவர்களும் வாழும் ஊர். கோயிலில் காணிக்கைப் பை தூக்கி, வீடு வீடாக அலைந்து, எப்படியோ சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு விமானக் கூலி என்றார்கள், ஏஜெண்ட் கமிஷன் என்றார்கள். கடைசியாக கஸ்டம்ஸ் வரி என்று ஒன்று வந்து வாசலை மறித்துக்கொண்டது. வரி மட்டும் ஒன்பதாயிரம். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பை தூக்கி, அதையும் கொடுத்தார்கள். கீபோர்டு வந்தது. திருவிழாவில் வாசித்தார்கள், ஊரே சொக்கிப்போனது. எல்லாம் முடிந்த பிறகுதான் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் இருதயநாதன் தன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார், “வரி கட்டுன ரசீது எங்கப்பா?” என்று.

ரசீது இல்லை.

மாட்டிக்கொண்டவர் ஸ்டீபன்ராஜ். பாடகர் குழுவை நடத்தி, கீபோர்டும் வாசிக்கிறவர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் மச்சினன் ரொனால்டுதான் கீபோர்டை வாங்கி அனுப்பினான். வரியைக் கட்டிப் பெட்டியை வெளியே எடுத்துக் கொடுத்தது திருச்சியில் சௌகத் அலி என்கிற ஏஜெண்ட். ஸ்டீபன்ராஜுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கூட்டம். ரசீதைக் காட்டவில்லை என்றால் ஊர்ப்பணத்தைத் தின்றவர் என்று மைக்கில் சொல்லி, குழுவிலிருந்து தள்ளிவிடுவதாக முடிவு.

“எம் பொழப்பே பிள்ளைகளுக்கு முன்னால நிக்கிறதுதான் மேடம். திருடன்னு பேரெடுத்துட்டு எப்படி நிப்பேன்?” என்று அவர் வினோலியாவின் துப்பறியும் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோது குரல் உடைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று அவளும் வீராப்பாக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

முதல் இரண்டு தடவையும் சௌகத் அலி கண்ணில் படவே இல்லை. ஆள் பதுங்குகிறான், இவன்தான் திருடன் என்று வினோலியா முடிவே கட்டியிருந்தாள். இன்று காலை பார்த்தால், மகள் பிரசவத்துக்கு நாகூர் போய்விட்டு அப்போதுதான் வந்து இறங்கிய மனிதர், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இவர்களுக்கு டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தார். விலங்கு மாட்டப் போன இடத்தில் கேக் தின்றுவிட்டு வருவது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

“ரொனால்டு தம்பியத் தெரியும்மா. முன்ன ஒரு டிவி எடுத்துக் குடுத்திருக்கேன். ஆனா கீபோர்டு எதுவும் என் கைக்கு வரல,” என்றார் சௌகத் அலி.

“வரி கட்டினதா சொல்றாங்களே?”

“வரி போட்டிருந்தா பொட்டியப் பிரிச்சிருப்பாங்க. பிரிக்காம வரி போடுறதுக்கு அவங்களுக்கு ஜோசியமா தெரியும்? டேப்ப அறுத்து, சாமான வெளிய எடுத்து, என்ன மாடல்னு பாத்து, அப்புறம் மேல வேற டேப் ஒட்டிக் குடுப்பாங்க. அந்தப் பொட்டி எங்க இருக்குன்னு தேடிப் பாருங்கம்மா. அது சொல்லும்.”

குற்றவாளிகள்தான் இப்படிக் கேட்காமலே விளக்கம் சொல்வார்கள் என்று அப்போது வினோலியா நினைத்தாள். ஆனால் பேருந்தில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தபோது அந்தக் கடைசி வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்து உறுத்தியது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் போட்டிருந்த ஸ்கூட்டரை அழகுராஜா ஒருபக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பினான்.

“வாத்தியார் வீட்டுக்குத்தானக்கா?”

“கோயிலுக்கு. பொட்டியப் பாக்கணும்.”

“கீபோர்டத்தான் அன்னைக்கே பாத்தோமே.”

“அது வந்த அட்டப்பொட்டிடா.”

“அத இந்நேரம் கரையான் தின்னு ஏப்பம் விட்டுருக்கும்.”

விடவில்லை. வெளிநாட்டு அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட மரியாயிபட்டிக்காரர்களுக்கு மனசு வருமா? பூசைப் பாத்திரங்கள் வைக்கும் அறையின் மூலையில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார், பூசைக்கு ஒத்தாசை செய்யும் உபதேசியார் மிக்கேல்ராஜ். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் சுரூபங்கள் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

“எம்புட்டுக் கனமான அட்டை பாத்தீகளா மேடம்? எலிப்பல்லு எறங்காது,” என்று அதைத் தட்டிக் காட்டினார்.

வினோலியா சுரூபங்களை ஒவ்வொன்றாக எடுத்து அழகுராஜாவின் கையில் கொடுத்தாள். மூன்று ராஜாக்களையும் ஒரு கால் உடைந்த ஒட்டகத்தையும் அணைத்துக்கொண்டு நின்ற அவன் சும்மா இருப்பானா?

“இவுகளும் ஃபாரின்காரவுகதான உபதேசியாரே? தங்கம் வேற கொண்டாந்துருக்காக. இவுகளுக்கு எம்புட்டு வரி போட்டாக?”

உபதேசியார் சிரிக்கவில்லை. வினோலியாவுக்குச் சிரிக்க நேரமில்லை. அவள் பெட்டியின் மேல்மூடியை இரண்டு பக்கமும் சேர்த்து மூடிப் பார்த்தாள். கம்பெனி பெயர் அச்சடித்த டேப் நீளவாக்கில் ஒட்டியிருந்தது. நட்ட நடுவில் நேராக ஒரே ஒரு வெட்டு. பெட்டியைப் புரட்டினாள். அடிப்பக்க டேப்பில் நகம்கூடப் படவில்லை. மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கும் இரண்டாவது டேப் இல்லை.

“இதத் திறந்தது யாரு?”

“நம்ம சாமியார்தான் மேடம்!” உபதேசியாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “கொடியேத்தத்தன்னைக்கு, பூசை முடிஞ்ச கையோட, பீடத்துக்கு முன்னால வச்சு வெட்டுனாரு. கத்திரிக்கோலத் தட்டுல வச்சு நீட்டுனது நாந்தேன். பொம்பளைக போட்ட குலவையில கோயிலே அதிர்ந்துபோச்சு.”

“அதுக்கு முன்னால யாராவது திறந்து பாத்திருப்பாங்களா?”

மலர்ந்த முகம் அப்படியே கருத்தது. “என்ன மேடம் இப்படிக் கேட்டுப்புட்டீக? சீல் பிரிக்காத பொட்டி மேடம் இது! பிரிச்சுக் கொண்டாந்தா செகண்ட் ஹேண்டும்பான், நல்லத எடுத்துக்கிட்டு நொள்ளைய வச்சுட்டான்ம்பான். அதுக்காகவே சீல் உடைக்காமத்தான் வரணும்னு பேரவையில பேசி முடிவு பண்ணது. இருதயநாதன் ஐயா சுத்திச் சுத்தி வந்து தடவிப் பாத்துட்டுத்தான் வெட்டவே விட்டாரு.”

வினோலியா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சௌகத் அலி சொன்னது சத்தியம். இந்தப் பெட்டியை எந்த அதிகாரியும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காத பெட்டிக்கு யாரும் வரி போட்டிருக்க முடியாது. ஊர் எதைப் பெருமை என்று தடவிப் பார்த்ததோ அதுதான் பொய்யைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, ஆனால் தடவியவருக்கு அது உறைக்கவில்லை.

அப்படியானால் வரி கட்டாமல் பெட்டி எப்படி வெளியே வந்தது? ஆள் நீளத்துக்கு இருக்கும் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டா வர முடியும்? ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடியில் இன்னொன்று. வினோலியாவுக்குத் தலை விண்ணென்று தெறித்தது.

“கீபோர்ட ஒரு தடவை போட்டுக் காட்டுங்க,” என்றாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

உபதேசியார் உறையை நீக்கி, ஒயரை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார். அழகுராஜா ராஜாக்களைக் கீழே வைத்துவிட்டு ஓடினான்.

“இருங்க இருங்க, நான் தீக்குச்சி தாரேன், மேல் ஓட்டையக் குத்தித் திறந்தாத்தேன் எறங்கும். எங்க மச்சான் துபாய்லருந்து ஒரு இஸ்திரிப்பொட்டி கொண்டாந்தாரு. மூணும் சப்பட்டைக் காலு, நம்ம பிளக்குல எறங்கவே எறங்காது. அத மாட்டுறதுக்குள்ள வீட்டுக்கே ஃபியூஸ் போயி...”

அவன் முடிப்பதற்குள் கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“அட, இது சொன்னபடி கேக்குதே!”

வினோலியா எழுந்துபோய் ஒயரின் நுனியைப் பிளக்கிலிருந்து பிடுங்கினாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். கம்பெனி பெயர் பொறித்த கறுப்பு அடாப்டர். அதன் மூக்கில் இரண்டு கால்கள். இரண்டும் உருண்டை.

“இத எங்க வாங்கினீங்க?”

“வாங்கவா? அது பொட்டிக்குள்ளயே தனிக் கவர்ல இருந்துச்சு மேடம்.”

சிங்கப்பூரிலும் சப்பட்டைக் கால்தான். அங்கே விற்கிற பெட்டிக்குள் உருண்டைக் கால் வைத்து அனுப்ப மாட்டார்கள். வழியில் யாராவது மாற்றியிருந்தால் சீலை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை என்பதற்கு ஊர் மொத்தமும் சாட்சி.

“ராஜா, இந்தப் பொட்டி சிங்கப்பூர எட்டிக்கூடப் பாக்கல. இங்கயே ஏதோ ஒரு கடையில வாங்கினது.”

அழகுராஜா வாயைப் பிளந்தான். “வெளியூரே போகாதவனுக்கு எதுக்குக்கா பாஸ்போர்ட் செலவு? அப்ப அந்த ஒம்போதாயிரம்? வாத்தியாரே முழுங்கிட்டு நம்மளக் கூட்டியாந்து நாடகம் போடுறாரா?”

அவளுக்கும் அதே சந்தேகம்தான் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. அந்த உடைந்த குரல் மறுபடி காதில் கேட்டது. அதுவும் நடிப்பா?

“பொட்டிய ஊருக்குக் கொண்டுவந்தது ஸ்டீபன்ராஜ் சார்தானே?” என்று உபதேசியாரைக் கேட்டாள்.

“அவரு எங்க வந்தாரு? பரீட்சைப் பேப்பர் திருத்தப் பழனிக்குப் போயிட்டாருல்ல. அவுக வீட்டம்மா ஜெயமேரிதேன் ஒத்தையில திருச்சிக்குப் போயி எடுத்தாந்துச்சு. டெம்போவுல வந்து எறங்குச்சு, பாவம், முகமெல்லாம் புழுதி.”

ஜெயமேரி முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டீபன்ராஜ் வீட்டில் இல்லை. அழகுராஜாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போன வினோலியா, எதுவும் பேசாமல் அடாப்டரை அவள் முன்னால் வைத்தாள்.

ஜெயமேரியின் கை நின்றது.

வினோலியா அவள் கழுத்தைப் பார்த்தாள். மஞ்சள் கயிற்றில் தாலி. சங்கிலி அறுந்துவிட்டது, ஆசாரியிடம் செய்யக் கொடுத்திருக்கிறது என்று ஸ்டீபன்ராஜ் முதல்நாளே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்கு வினோலியா அதைக் காதில் வாங்கவில்லை. வெயிலில் கறுத்த கழுத்தில், சங்கிலி கிடந்த தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

“எந்தக் கடை?” என்று கேட்டாள்.

“மதுரையில,” என்றாள் ஜெயமேரி. மறைக்கவோ அழவோ இல்லை. தலையில் வைத்திருந்த சுமையை இறக்கியவள் மாதிரி நீளமாக மூச்சு விட்டாள். “எந்தம்பி திருடல மேடம். அவனுக்கு வேலைப் பெர்மிட்டு முடிஞ்சுபோச்சு. புதுசாக்கித் தாரேன், காசு கட்டுன்னு அங்கன ஒரு ஏஜெண்டு சொல்லிருக்கான். கையில விமானக் கூலி, கமிஷன்னு எல்லாம் சேத்து ஊர்க்காசு இருந்துச்சு, சம்பளம் வந்ததும் வச்சுரலாம்னு குடுத்துட்டான். அந்த ஏஜெண்டு ஓடிட்டான். எஸ்டிடி பூத்துல கூப்புட்டு, ‘யக்கா செத்துருவேன்க்கா’ன்னு அழுதான். நான் என்ன செய்ய?”

“சங்கிலிய வித்தீங்க.”

“வித்தேன். அதே மாடல் மதுரைக் கடையில இருந்துச்சு. ஆனா வெல சாஸ்தி. ஏன் இம்புட்டுன்னு கேட்டதுக்கு, நாங்க லோடு மொத்தத்துக்கும் வரி கட்டி எறக்குனதும்மா, அதையும் சேத்துத்தான் வெலைன்னான். சங்கிலி பத்தல. பத்தாத காசத்தேன் கஸ்டம்ஸ் வரின்னு சொல்லி வாங்கச் சொன்னேன். டிவி எடுத்துக் குடுத்த பாயி பேரு ஞாபகம் இருந்துச்சு, அதச் சொல்லிட்டேன். மாதா மேல ஆணையா ஒத்த ரூவா நான் எடுக்கல.”

ஆக, ஊர் கொடுத்த ஒன்பதாயிரம் வரிக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் கடைக்காரன் கட்டிய வரிக்கு. அதற்கு இவள் எந்த ரசீதைக் காட்டுவாள்? வினோலியாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபப்படவும் ஆள் கிடைக்கவில்லை.

“நாளைக்கு உங்க வீட்டுக்காரரத் திருடன்னு மைக்குல சொல்லப் போறாங்க. தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.” இப்போதுதான் அவள் கண் நிறைந்தது. “சொன்னா ரொனால்டு இந்த ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. எனக்குன்னு இருக்கது அவன் ஒருத்தந்தேன். ராத்திரி பூரா இவரப் பாத்துக்கிட்டே கெடக்கேன். வாய் வர மாட்டேங்குது மேடம். நீங்களும் சொல்லாதீக.”

“என்னைய வரச் சொன்னது அவரு. நாளைக்குப் பூசை முடியிறதுக்குள்ள நீங்க சொல்லணும். இல்லைன்னா நான் சொல்லுவேன்.”

வினோலியா வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினாள். வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அழகுராஜா, எங்கே என்று கேட்காமலே வண்டியை அலுவலகத்துக்குத் திருப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தது. ஒருவரும் கலைந்து போகவில்லை. இருதயநாதன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, நடந்ததையெல்லாம் அடுக்கி, கடைசியில் ஸ்டீபன்ராஜைப் பார்த்துத் திரும்பினார்.

“ரசீது இருக்கா இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

கீபோர்டு பக்கத்தில் நின்ற ஸ்டீபன்ராஜ் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இல்ல. ஆனா நான் எடுக்கல.”

கூட்டம் சலசலத்தது. பின்வாசலில் நின்ற வினோலியா பெண்கள் பக்கம் பார்த்தாள். ஜெயமேரி தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். இனிப் பொறுத்துப் பலனில்லை என்று வினோலியா முன்னால் அடி எடுத்து வைத்தபோது, அந்த முக்காடு எழுந்தது.

ஜெயமேரிக்கு மைக் தேவைப்படவில்லை. தம்பி அழுதது, சங்கிலி, மதுரைக் கடை, ஒன்பதாயிரம் என்று எதையும் விடாமல், யார் முகத்தையும் பார்க்காமல், மாதா சுரூபத்தைப் பார்த்துச் சொல்லி முடித்தாள். “இவருக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு என்னோடது,” என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

இருதயநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லாருமே கழுத்தை நீட்டினார்கள்.

“அப்ப இது சிங்கப்பூர்ல வாங்குனது இல்லையா?” என்றார் அவர்.

“அதான பாத்தேன், சவுண்டு ஒரு தினுசா இருக்கேன்னு,” என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

“எஞ் சம்பந்திகிட்டச் சிங்கப்பூருன்னு சொல்லி வச்சிருக்கேனே!” என்று இன்னொருவர் நெஞ்சில் கை வைத்தார்.

வினோலியாவுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஒரு பொம்பளை கழுத்துச் சங்கிலியைப் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள், இவர்களுக்கு சிங்கப்பூர் போய்விட்டதே என்று கவலை.

ஸ்டீபன்ராஜ் நடந்து போய் மனைவியின் எதிரில் நின்றார். அந்த மஞ்சள் கயிற்றையே பார்த்தார்.

“செய்யக் குடுத்திருக்கேன்னு சொன்னியே ஜெயா?”

அவள் தலை குனிந்தது. அவர் திரும்பி வந்தார். கீபோர்டின் ஒயரைப் பிளக்கிலிருந்து உருவி, பொறுமையாகச் சுற்றி, அடாப்டரோடு அதன் மேலேயே வைத்தார். பிறகு மைக் பக்கம் போய், பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்று பேசும் அதே குரலில் பேசினார்.

“கீபோர்டு கோயிலோடது, வச்சுக்கங்க. நீங்க என்னைய நீக்கவும் வேணாம், வச்சுக்கவும் வேணாம். இவ கழுத்துக்குச் சங்கிலி வார அன்னைக்கு நான் வாசிக்க வாரேன்.”

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே போனார்.

கல்யாண அறிவிப்பு ஓலையும் கோயிலில் வாசித்து முடித்து, கல்யாணத்துக்குக் காத்திருந்த டெய்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். “எங் கல்யாணப் பூசைக்கு யாரு வாசிப்பா?” என்று அவள் அம்மாவைக் கேட்டது கோயில் பூராவும் கேட்டது. வாசிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் அந்த ஊரில் இல்லை. சாமியார் இருதயநாதனைப் பார்த்தார். இருதயநாதன் கூரையைப் பார்த்தார்.

“யக்கா, நம்ம ஃபீஸு?” என்று அழகுராஜா காதில் கிசுகிசுத்தான்.

“சும்மா இருடா,” என்றாள்.

அப்போது பீடத்துக்குப் பின்னாலிருந்து உபதேசியார் மிக்கேல்ராஜ் வந்தார். பூசையில் தூக்கி முடித்து உள்ளே மாட்டியிருந்த காணிக்கைப் பை மறுபடியும் அவர் கையில் இருந்தது. நீளக் கம்பின் நுனியில் தொங்கும் அந்தச் சிவப்பு வெல்வெட் பையைப் பிடித்தபடி படியிறங்கி, முன்வரிசையைத் தாண்டி, நேரே போய் இருதயநாதனின் நெஞ்சுக்கு முன்னால் நீட்டினார்.

இருதயநாதன் பையைப் பார்த்தார். உபதேசியாரைப் பார்த்தார். திரும்பி ஊரைப் பார்த்தார். ஊர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பை நகரவில்லை.